நகர மையம், ஐம்பது

அதிகாலை மூன்றரைக்குத்தான்
திபிலிசியில் விமானங்கள் வந்து கொட்டும்.
பகலில் இறங்க அவற்றுக்கு என்ன வெட்கமோ.
கண்ணாடிக் கதவு திறக்கும் போதெல்லாம்
என் வாயும் தானாகத் திறக்கும்:
டாக்சி, டாக்சி, சிட்டி சென்டர், ஐம்பது.

முகம் பார்ப்பதில்லை. சக்கரம் பார்ப்பேன்.
நாலும் சத்தமில்லாமல் உருண்டால் ஐம்பது.
ஒன்று கிறீச்சிட்டால் நாற்பது.
முதுகுப்பைக்காரர்கள் ஒருக்களித்துப் போய்விடுவார்கள்,
கைப்பேசியை நெற்றிக்கு நேரே தூக்கி
ஆகாயத்திடம் வண்டி கேட்டபடி.
ஆகாயமும் கொடுக்கும், இருபத்தைந்துக்கு,
வாய் திறக்காத ஓட்டுநரோடு.

ரயிலும் உண்டு.
நிலையம் பளபளவென்று இருக்கும்.
ரயில்தான் வராது. வந்தாலும்
யாருக்கும் வேண்டாத நேரத்தில் வரும்,
என் மச்சான் நுக்ஸாரைப் போல.

அப்புறம் அந்தப் பஸ்.
கேட்பவர்களிடம் கையை விரிப்பேன்:
"பஸ்ஸா? நின்றுவிட்டதே."
சொல்லி முடிக்கும்போது
என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கும்,
விளக்கெரிய, கதவு திறந்து.
பொய்யும் இல்லை பாருங்கள்.

நேற்று ரோமிலிருந்து வந்த விமானம்.
அதில் பெண்கள்தான் அதிகம்.
யார் வீட்டுக் கிழவர்களையோ குளிப்பாட்டி
சூப் ஊட்டி, மாத்திரை எண்ணிக் கொடுத்து
விடுப்பில் வருகிறவர்கள்.
பிளாஸ்டிக் தாள் சுற்றிய பெட்டிகள்,
முழங்காலால் அழுத்தி மூடிய வருடங்கள்.
அவர்களிடம் நாற்பதுதான் கேட்பேன்.
மனசாட்சி உள்ளவன் நான்.

ஒரு சாம்பல் கோட்டு கடந்தது.
சக்கரத்தில் சத்தமே இல்லை.
"சிட்டி சென்டர், ஐம்பது" என்றேன், ஆங்கிலத்தில்.
கோட்டு நின்றது.
"கோச்சா" என்றது, எங்கள் மொழியில்.
"எனக்குமா ஐம்பது?"

மக்வாலா.
ஏழு வருடம். கூந்தலை வெட்டியிருந்தாள்.
நான் என்ன சொல்லியிருக்க வேண்டுமென்று
இன்று காலைக்குள் பதினாறு வாக்கியம் தோன்றிவிட்டது.
அப்போது வாயில் வந்தது ஒன்றே ஒன்று:

"முப்பது."

சிரித்தாளா, தெரியாது.
என் வண்டியை எட்டிப் பார்த்தாள்.
"முன்பம்பர் இன்னும் வரவில்லையா?"
வரவில்லை. அவள் போன வாரம் கழன்றது.
இந்த ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது,
பல் கொட்டிய வாயோடு.

"பஸ் நின்றுவிட்டதாமே?
இப்போதுதான் அந்தப் பையனிடம் சொன்னாய்."
"இல்லை" என்றேன். "நின்றுகொண்டிருக்கிறது."
பதினோரு வருடத்தில்
அந்த வாசலில் நான் சொன்ன முதல் உண்மை.

அவள் ஏறினாள்.
அடுத்து என் கால் செய்தது எனக்கே தெரியாது.
வண்டியை, மணிக்கணக்குக்குக் காசு கறக்கும் இடத்திலேயே
விட்டுவிட்டு ஓடினேன்.
பஸ்ஸில் நோட்டை நீட்டினேன்.
இயந்திரத்துக்கு நோட்டு பிடிக்காதாம், அட்டை வேண்டுமாம்.
ஊரையே ஏற்றி இறக்கியவன்
ஏறத் தெரியாமல் நின்றேன்.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது.
வங்கி அட்டை. பீப்.
"உனக்கு எவ்வளவு ஆனது?" என்றேன்.
"ஒன்று" என்றாள். "நகர மையம், ஒன்று."
போய் உட்கார்ந்துவிட்டாள்,
பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து.

இரண்டு வரிசை பின்னால் நான்.
எத்தனை நிறுத்தங்கள்!
ஹாரன் அடித்து முந்திப் போன இடங்களிலெல்லாம்
யாரோ நின்றிருக்கிறார்கள், குளிரில், கையைத் தேய்த்தபடி.

சம்கோரியில் சந்தைக் கூட்டம் ஏறியது.
கொத்தமல்லிக் கட்டுகள், ஈர வாசனை.
மக்வாலா கைப்பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.

அது கூட்டத்துக்காக இருக்கலாம்.
இருக்கை இன்னும் காலியாகத்தான் இருந்தது.
அடுத்தது இசானி என்றது ஒலிபெருக்கி.
கம்பியைப் பிடித்து
பாதி எழுந்திருந்தேன்.